விஞ்ஞானம் சமயமாகுமா? மானிட சமயத்தின் வரலாறு

விஞ்ஞானமும் ஒரு சமயமே என்று கூறுவார் இருவகையர். ஒரு சாரார் அதனைப் புகழ்தற்பொருட்டு அவ்வாறு கூறுவர். பழைய சமயங்கள் இருந்த இடத்தை இனி விஞ்ஞானமே நிரப்பும். மக்கட்கு வேண்டும் ஒழுக்கமும் ஆறுதலும் அதனாலேயே எய்தும் என்பது அவர் துணிபு. மற்றொரு சாரார் அதனை இகழ்தற்பொருட்டு அவ்வாறு கூறுவர். விஞ்ஞானம் பயில்வாரும் தம் ஆசிரியர் உரையை நம்பிக்கையாற் கொள்பவரே. ஆகலின் அவர்க்கும் சமயவாதிகட்கும் வேற்றுமை இல்லை என்பது அவர் கூற்று. இவ்விரு கூற்றும் வெவ்வேறு நோக்கத்தால் எழுந்தனவேனும் முடிபு ஒன்றே. அம்முடிபு பொருந்துமா என்பதனைச் சொற்போர் ஒன்றினாலேயே துணிதல் அரிது. விஞ்ஞானத்தை மெய்யாகவே சமயமாக்கி, அதற்குக் கோயில் எடுத்து, குருமாரை அமைத்து, திருநாட்கள் வகுத்து வழிபட்ட ஒரு கூட்டத்தாரின் வரலாறு மேலைநாட்டில் உண்டு. அதனை ஊன்றி நோக்கின் வினாவிற்கு விடை தானே புலப்படும்.

வரலாற்றுட் புகுமுன் அளவுகோல் ஒன்று வேண்டும். ஒரு நெறியைச் சமயம் எனக் கொள்வதற்கு முன் நான்கு செய்திகளை வினாவுதல் தகும். அது கொள்ளும் அளவை யாது? அவ்வளவையால் துணியப்பட்ட பொருள் யாது? அப்பொருளை அடைதற்கு வகுத்த சாதனம் யாது? சாதனத்தால் எய்தும் பயன் யாது? விஞ்ஞானத்திற்கு அளவை காட்சியும் கருதலும் ஆம். கண்டதனை அளந்து, அளந்ததனைக் கொண்டு காணாததனைக் கருதி, கருதியதனை மீளவும் காட்சியோடு ஒத்துப்பார்த்து, ஒவ்வாதாயின் கருதியதனைக் கைவிடுதல் அதன் முறை. ஈற்றிற் கூறிய இக்கைவிடுதலே விஞ்ஞானத்தின் உயிர்நிலை என்பது மேல்வரும் வரலாற்றால் விளங்கும்.

முன்னோடிகள்

1789-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் எழுந்த புரட்சி அரசை மட்டுமன்றித் திருச்சபையையும் அசைத்தது. 1793-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயத்திலே பகுத்தறிவுக்கு விழா எடுத்தனர். நங்கை ஒருத்தியைத் தெய்வ உருவாகக் கோலஞ்செய்து அமர்த்திப் பாடல்களும் பாடினர். அவ்வழிபாடு சில மாதங்களுள் மறைந்தது. எனினும், மக்களை ஒன்றாகப் பிணித்த பழைய கட்டு அவிழ்ந்தபின் அவரை இனிப் பிணிப்பது யாது என்னும் வினா மறையவில்லை.

அதற்கு விடை கூற முயன்றோருள் ஒருவர் சேன் சிமோன் என்னும் பிரபு. 1803-ஆம் ஆண்டளவில் வெளிவந்த கடித வடிவாய நூலொன்றில், அவர் நியூட்டன் பெயரால் ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்றார். கணித நூலார், பௌதிக நூலார், இரசாயன நூலார், உடற்கூற்று நூலார், இலக்கியப் புலவர், ஓவியர், இசைவாணர் என்னும் எழுவகையாருள் வகைக்கு மூவராக 21 பேர் அச்சங்கத்திற்கு உரியர். நாடெங்கும் கிளைகள் தோன்ற வேண்டும். கிளைதோறும் நியூட்டன் நினைவாகக் கோயில் ஒன்று எழ வேண்டும். குருமார் இருந்த பீடத்தில் விஞ்ஞானிகளை இருத்துதலே அவர் கருத்து. இத்திட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆயின் அப்பிரபுவினிடத்து 1817 முதல் 1824 வரை செயலாளராய் இருந்த இளைஞர் ஒருவர் அதனைச் செயலிற் கொணர முற்பட்டார். அவரே ஒகுஸ்த் கோம்த்.

கோம்த்தின் முதல் நிலை

கோம்த் 1798-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியிலுள்ள மோம்பெலியே நகரிற் பிறந்தவர். பெற்றோர் கத்தோலிக்க சமயப் பற்றும் மன்னர்பாற் பற்றும் உடையர். மைந்தரோ பதினான்கு வயதளவிலேயே அச்சமய நம்பிக்கையை விட்டார். 1814-இல் பாரிசு நகரத்துப் புகழ்பெற்ற பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். 1816-இல் அரசினர் அக்கல்லூரியை மூடவே, கணிதம் கற்பித்து வாழ்ந்தார். 1830 முதல் 1842 வரை அவர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் அவருக்குப் பெயர் தந்தது. அந்நூற் கொள்கை பாசிட்டிவிசம் என வழங்கும்; காட்சிநிலைக் கொள்கை எனத் தமிழிற் கூறலாம்.

மக்கள் அறிவு மூன்று நிலைகளைக் கடந்து வளரும் என்பது அந்நூலின் தலையாய கருத்து. முதல் நிலையில் மக்கள் நிகழ்ச்சிகட்குத் தெய்வங்களைக் காரணமாகக் கூறுவர். இரண்டாவதில் தெய்வங்களை விடுத்துச் சத்தி, தன்மை முதலிய அருவக் கருத்துக்களைக் காரணமாகக் கூறுவர். மூன்றாவதிற் காரணம் தேடுதலையே விடுத்து, நிகழ்ச்சிகள் எவ்விதியின்வழி நிகழ்கின்றன என்று மட்டும் நோக்குவர். இம்மூன்றாம் நிலையே விஞ்ஞானம் என்றார். கணிதம், வானநூல், பௌதிகம், இரசாயனம், உயிர்நூல் என்னும் ஐந்தின்மேல் ஆறாவதாகச் சமூகநூல் ஒன்றை நிறுவி, அதற்குச் சோசியாலஜி எனப் பெயரும் இட்டார். அப்பெயர் இன்றளவும் உலகெங்கும் வழங்குகின்றது.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. இந்த ஆறனுள் உளநூலுக்கு இடம் இல்லை. மனம் தன்னைத் தானே நோக்குதல் கூடாது; நோக்குவதும் நோக்கப்படுவதும் ஒன்றாயின் அந்நோக்கம் அளவை ஆகாது என்பது கோம்த் கூறிய காரணம். சைவ சித்தாந்த அளவை நூல் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நால்வகைப்படுத்தும். கோம்த்தோ இந்திரியக் காட்சி ஒன்றையே அறிவிற்கு வாயிலாகக் கொண்டார். இன்ப துன்பங்களை உயிர் தன்னுள்ளே அறியும் அறிவு அவர் கணக்கில் அறிவாக எண்ணப்படவில்லை. அங்ஙனம் வெளியே நிறுத்தப்பட்ட அறிவு பின்னர் அவர் வாழ்வையே மாற்றியது.

மற்றொன்றும் கருதற்பாலது. 1835-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், விண்மீன்களின் வடிவும் தொலைவும் இயக்கமும் அறியப்படலாம். அவை எப்பொருள்களால் ஆயின என்பது மட்டும் எஞ்ஞான்றும் அறியப்படாது என்று கோம்த் வரையறுத்தார். 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவர் இறந்தார். இரண்டாண்டு கழித்து, 1859-இல், செருமனி தேயத்து ஐடல்பர்க்கு நகரிற் கிர்க்காப்பு, பன்சன் என்னும் இருவர் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பகுத்து, அதன் கோடுகளைக் கொண்டு ஒளிரும் பொருளின் மூலகங்களை அறியும் முறையைக் கண்டனர். ஞாயிறும் விண்மீன்களும் எவற்றால் ஆயின என்பது அதனால் தெரியலாயிற்று. 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் என்பார் அந்நாளைச் சென்னை மாகாணத்துக் குண்டூரில் இருந்து ஞாயிற்றின் விளிம்பொளியைப் பகுத்து நோக்கினார். அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்திலே லாக்கியர் என்பார் அவ்வொளியில், அதுகாறும் அறியப்பட்ட எம்மூலகத்திற்கும் பொருந்தாத மஞ்சட்கோடு ஒன்றைக் கண்டார். ஈலியம் எனப் பெயர் பெற்ற அம்மூலகத்தை 1895-இல் இராம்சே என்பார் மண்ணிலும் கண்டார். அறியவே படாது என்று விலக்கப்பட்ட ஞாயிற்றின் பொருளொன்று மண்ணில் அறியப்படுமுன்னரே விண்ணில் அறியப்பட்டது.

இதனால் விஞ்ஞானத்திற்கு இழுக்கு யாதும் நேர்ந்ததில்லை. ஆசிரியர் கூற்றுப் பிழைத்தது, காட்சி வென்றது, நூல் திருத்தப்பட்டது, அவ்வளவே. எவர் கூறினும் காட்சிக்கு ஒவ்வாததனை விடுதல் விஞ்ஞானத்தின் இயல்பு. ஆயின் அவ்வாறு பிழைத்தற்குரிய ஒருவர் உரை வேதமாகவும், அவர் குருவாகவும் ஆயினால் நிகழ்வது யாது என்பதே மேல்வரும் பகுதி.

மானிட சமயம்

1844-ஆம் ஆண்டு கோம்த் குளோதில்த் தெ வோ என்னும் பெருமாட்டியைச் சந்தித்தார். கணவனாற் கைவிடப்பட்ட அவ்வம்மையார்பால் அவர் கொண்ட அன்பு ஆழமானது. 1846-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் அம்மையார் காசநோயால் இறந்தார். அதன்பின் கோம்த் வேறொரு மனிதராயினார். அறிவு இதயத்திற்குப் பணிசெய்ய வேண்டும் என்றும், விஞ்ஞானம் ஆராய்ந்தமைந்த பின்னர் அன்பே தலைமை பெற வேண்டும் என்றும் கூறலாயினார். அம்மையார் அமர்ந்திருந்த நாற்காலி அவர் வீட்டிலே பலிபீடம் போல ஆயிற்று. அதன்முன் மண்டியிட்டு நாடோறும் முப்பொழுதும் வழிபட்டார். மனம் தன்னுள்ளே அறிவதனை அளவை அன்று எனத் தள்ளியவர், மனத்துள்ளே அறிந்த துயரத்தின்மேல் ஒரு சமயத்தை எடுத்தார் என்க.

1851 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த நூலிலும், 1852-இல் வெளிவந்த வினாவிடை நூலிலும் அச்சமயத்தின் அமைப்பு விரித்துரைக்கப்பட்டது. கடவுள் இருந்த இடத்தில் மானிடம் என்னும் பேரிருப்பு வைக்கப்பட்டது. இறந்தாரும் இருப்பாரும் பிறக்கப்போவாருமாகிய நல்லோர் அனைவரின் தொகுதியே அப்பேரிருப்பு. பின்னர் 1856-இல் புவியும் வெளியும் அதனோடு சேர்க்கப்பட்டு மும்மையாயின. பிறப்பு முதல் இறப்பிற்குப் பின்வரை ஒன்பது சடங்குகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் இறுதியானது, இறந்து ஏழாண்டு கழிந்தபின் ஒருவர் வாழ்வை ஆராய்ந்து, தக்காராயின் அவரைப் பேரிருப்பிற் சேர்த்தலாம். அன்பு முதலாகவும், ஒழுங்கு அடிப்படையாகவும், முன்னேற்றம் முடிபாகவும் கொள்ளப்பட்டன. பிறர்க்கென வாழ்தல் என்பது அறத்தின் சாரமாக ஓதப்பட்டது. பிறர்நலப் பற்றினைக் குறிக்க மேலைநாட்டு மொழிகளில் இன்று வழங்கும் அல்துருயிசம் என்னும் சொல்லும் கோம்த் ஆக்கியதே. தலைமைக் குருவாகத் தம்மையே அவர் கொண்டார். 1860-க்குள் நோத்ர தாம் பேராலயத்திலேயே தம் சமயத்தைப் போதிக்கப்போவதாகவும் நம்பினார்.

1849-இல் அவர் வெளியிட்ட பஞ்சாங்கம் தனியே ஆராயத்தக்கது. அதில் ஓராண்டிற்கு 13 மாதம். மாதந்தோறும் 28 நாள். எஞ்சிய ஒருநாள் இறந்தார் அனைவர்க்கும் உரியது. ஆண்டுக்கணக்கு 1789-இல் தொடங்கும். மாதந்தோறும் ஒரு பெரியாரும், வாரந்தோறும் ஒரு பெரியாரும், நாடோறும் ஒரு பெரியாரும் நினைக்கப்படுவர். மோசே, ஓமர், அரிஸ்டாட்டில், ஆர்க்கிமிடீசு எனத் தொடங்கும் மாதங்கள் பிசா என்னும் உடற்கூற்று அறிஞர் பெயரோடு முடியும். புத்தரும் கன்பூசியரும் முகம்மது நபியும் முதல் மாதத்து வாரங்கட்குத் தலைவராக வைக்கப்பட்டனர். புது விஞ்ஞானத்திற்கு உரிய கடைசி மாதத்தின் நான்கு வாரங்கட்கும் கலிலியோ, நியூட்டன், லவாசியே, கால் என்னும் நால்வர் தலைவர்.

இந்நால்வருள் ஈற்றில் நின்ற கால் என்பார் யாவர்? மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவி ஒருவர் குணங்களை அறியலாம் என்னும் கபாலநூலுக்கு அடிகோலியவர். மூளையின் பகுதிகட்கு வெவ்வேறு தொழில் உண்டு என்னும் அளவில் அவர் கருத்திற் பயன் இருந்தது. மண்டையோட்டால் குணம் அறிதலோ பின்னை ஆராய்ச்சியால் முற்றும் விலக்கப்பட்டது. விஞ்ஞானம் அந்நூலைத் தன் ஏட்டிலிருந்து அடித்துவிட்டது. பஞ்சாங்கத்திலோ கால் நியூட்டனுக்கு நிகராக வாரத்தலைவர் பீடத்தில் நிலையாக இருத்தப்பட்டார். ஒரு காலத்து விஞ்ஞானத்தைத் திருநாளாக வகுத்துவிடின் மறுகாலத்து விஞ்ஞானம் அதனைத் திருத்த இயலாது. திருத்தின் திருநாள் பொய்க்கும். திருத்தாவிடின் விஞ்ஞானம் பொய்க்கும்.

இதனினும் வியப்புடையது வேறொன்று. 1838-ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பிறர் எழுதும் புதுநூல்களையும் செய்தித்தாள்களையும் படித்தலை கோம்த் விட்டுவிட்டார். மூளையைத் தூய்மையாக வைத்தல் என அதற்குப் பெயரிட்டார். ஞாயிற்று மண்டலத்திற்கு அப்பாலுள்ள விண்மீன்களை ஆராய்தல் வீண் என்றார். நிகழ்தகவுக் கணிதத்தைக் கண்டித்தார். கற்கத்தக்க நூல்கள் இவை எனச் சுமார் 150 நூல்களை வரையறுத்தார். ஆராய்ச்சிக்கு எல்லை குறித்தவர் கத்தோலிக்கக் குருமார் அல்லர். விஞ்ஞானத்தின் குருவே ஆவர்.

அவர் முதல் நூலைப் போற்றியவர் பலர் இரண்டாவதனைக் கண்டு விலகினர். அவர்பால் மிக்க ஈடுபாடுடைய லித்ரே என்னும் அறிஞர் 1852-இல் பிரிந்தார். முன்னர் அவர்க்குப் பொருளுதவி திரட்டித் தந்த இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1865-இல் எழுதிய ஆராய்ச்சியில் முதற்பகுதியைப் பாராட்டி இரண்டாம் பகுதியை மறுத்தார். உயிர்நூற் பேரறிஞர் ஹக்ஸ்லி, 1868-இல் எடின்பரோ நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில், இது கிறித்துவை நீக்கிய கத்தோலிக்கமே என்னும் கருத்துப்பட எள்ளினார்.

பரவியவாறும் பயனும்

எள்ளப்பட்டதாயினும் இச்சமயத்தால் நன்மையே விளைந்ததில்லை என்றல் நடுவுநிலைமை ஆகாது. இங்கிலாந்தில் இதனைப் பரப்பிய ரிச்சர்டு காங்கிரீவ் என்பார், 1857-இல் இந்தியாவிற் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தபோதே, இந்தியாவை ஆளும் உரிமை ஆங்கிலேயர்க்கு இல்லை என்று சிறு நூல் எழுதி வெளியிட்டார். வங்காளத்தில் ஆட்சித்துறையிற் பணியாற்றிய ஹென்றி காட்டன் என்பாரும் இக்கொள்கையினரே. 1904-இல் இந்திய தேசிய காங்கிரசிற்குத் தலைமை வகித்தவர் அவர். வங்காளத்துக் கற்றோர் சிலரும் இதனைப் பயின்றனர். பங்கிம் சந்திரர் கோம்த்தின் நூற்கருத்துக்களை ஆராய்ந்தவருள் ஒருவர். பிறர்க்கென வாழ்தல் என்னும் அறம் இவர்தம் நெஞ்சில் வேரூன்றியிருந்தது.

இச்சமயம் மிக வேரூன்றிய நாடு தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில். அங்கு 1881-இல் மிகெல் லெமோசு என்பார் இதற்குத் திருச்சபை கண்டார். தெய்செய்ரா மெந்தெசு என்பார் துணைநின்றார். ரியோ டி ஜனேரோ நகரிற் கோயிலும் எழுந்தது. 1889-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அங்கு முடியாட்சி நீங்கிக் குடியாட்சி தோன்றியபோது, நான்கு நாளில் ஏற்கப்பட்ட புதுக்கொடியில் ஒழுங்கும் முன்னேற்றமும் என்னும் பொருளுடைய தொடர் பொறிக்கப்பட்டது. அது கோம்த்தின் மந்திரத்திலிருந்து எடுத்தது. இன்றும் அக்கொடியில் உள்ளது. 1910-இல் பழங்குடி மக்களைக் காக்கும் அரசுத் துறையைத் தொடங்கி, தாம் இறக்க நேரினும் அம்மக்களைக் கொல்லலாகாது என்று தம் வீரர்க்கு விதித்த இரொந்தோன் என்னும் படைத்தலைவரும் இச்சமயத்தவரே. அன்பை முதலாகக் கொண்ட கொள்கையின் நற்பயன் இது.

ஆயின் அந்நாட்டிலேயே அதன் குறையும் வெளிப்பட்டது. 1904-ஆம் ஆண்டு ரியோ நகரில் அம்மைநோயைத் தடுத்தற்பொருட்டு ஒசுவால்டோ குரூசு என்னும் மருத்துவ அறிஞரின் முயற்சியால் அம்மைகுத்தல் கட்டாயமாக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் நகரெங்கும் கலகம் மூண்டது. அக்கட்டாயத்தை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தவருள் மானிட சமயத் திருச்சபையாரும் இருந்தனர். அறிவாட்சியும் உலகாட்சியும் வெவ்வேறு. ஆகலின் அரசு எம்மருத்துவக் கொள்கையையும் குடிகள்மேற் சுமத்தலாகாது என்பது அவர் வாதம். மக்களின் உரிமையை நோக்க அவ்வாதத்தில் நியாயம் ஒருபுறம் உண்டு. எனினும் அவர் அதனைத் துணிந்தது கோம்த் வகுத்த விதியைக் கொண்டு. விஞ்ஞானத்தின் பெயரால் எழுந்த திருச்சபை, நோய்தீர்க்கும் விஞ்ஞானம் வாயிலில் வந்து நின்றபொழுது ஆசிரியர் உரையை எடுத்துக்காட்டி எதிர்நின்றது.

செருமனியில் நிகழ்ந்த மற்றொரு முயற்சியும் இதனை வலியுறுத்தும். உயிர்நூல் அறிஞர் எக்கல் தலைமையில் 1906-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் யேனா நகரில் ஒருமைவாதச் சங்கம் தோன்றியது. பொருளும் உயிரும் ஒன்றே, அவ்வொருமையே வழிபடத்தக்கது என்பது அதன் கொள்கை. 1911-இல் அதற்குத் தலைவராயினவர் இரசாயன நூற்கு நோபல் பரிசு பெற்ற ஆசுவால்டு. ஞாயிறுதோறும் போதனை எழுதி வெளியிடலும் அவர் தொழிலாயிற்று. இவர் வாழ்வில் விஞ்ஞானத்திற்கும் சமயப் பீடத்திற்கும் உள்ள வேற்றுமை தெளிவாகத் தோன்றும். அணு என ஒன்று இல்லை, ஆற்றலே உண்டு என்று பன்னாள் வாதித்தவர் அவர். பிரான்சிற் பெரேன் முதலியோர் செய்த சோதனைகளைக் கண்டதும், 1909-ஆம் ஆண்டளவில் தம் வாதத்தை வெளிப்படையாகக் கைவிட்டு அணுவை ஒப்பினார். சோதனைச்சாலையில் அவருக்கு இருந்த பெருமை அது. 1914-இல் உலகப்போர் மூண்டபோதோ, செருமானியப் படையின் செயல்களை நியாயம் எனக் கூறி 93 அறிஞர் விடுத்த அறிக்கையில் எக்கலும் ஆசுவால்டும் ஒருங்கே கைச்சாத்திட்டனர். பொருள்களின் ஒருமையை அறிந்த விஞ்ஞானம், மக்களின் ஒருமையை அந்நாளில் அவர்க்கு உணர்த்தவில்லை. அச்சங்கம் 1933-இல் நாசி ஆட்சியிற் கலைக்கப்பட்டது.

நான்கு வினாவிற்கும் விடை

இனி முதற்கண் வகுத்த நான்கு கூற்றானும் இவ்வரலாற்றை அளந்து காண்க.

முதலாவது, அளவை. விஞ்ஞானம் காட்சியையும் கருதலையும் கொண்டு நிற்பது. அது சமயமாயினவிடத்து உரை என்னும் மூன்றாம் அளவை வந்து புகுந்தது. கோம்த்தின் உரையே ஆப்த வாக்கியமாயிற்று. ஆயின் காட்சியாலும் கருதலாலும் எட்டப்படாத பொருளை உணர்த்துவதே உரையளவைக்கு உரிய இடம். காட்சியால் தெளியத்தக்க விண்மீனின் பொருளையும் மண்டையோட்டின் மேட்டையும் உரையால் துணிதல் அளவையை அதன் எல்லை கடந்து செலுத்துதலாம். உரை தன் எல்லை கடந்தவிடத்துக் காட்சி ஒடுங்கிற்று. ஆகலின் விஞ்ஞானத்தைச் சமயமாக்கியபோது முதற்கண் அழிந்தது விஞ்ஞானமே.

அற்றேல், விஞ்ஞானம் பயில்வாரும் தாமே எல்லாவற்றையும் சோதித்திலர். ஆசிரியர் உரையை நம்பியன்றோ கற்கின்றனர்? அஃதும் உரையளவையே எனின், அற்றன்று. அவ்வுரை கடனாகக் கொண்ட உரை. வேண்டுங்கால் கருவியும் பயிற்சியும் உடையார் எவரும் அதனைக் காட்சியால் தேர்ந்து கொள்ளலாம். பொய்ப்பின் எவரும் தள்ளலாம். நியூட்டன் கணக்கிற்குப் புதனின் இயக்கம் சிறிது ஒவ்வாது நின்றது. 1915-இல் ஐன்ஸ்டைன் அவ்வொவ்வாமையைத் தீர்த்து நியூட்டன் கொள்கைக்கு எல்லை வகுத்தார். அதனால் நியூட்டனை நிந்தித்தார் என எவரும் அவர்மேற் குற்றஞ் சாட்டவில்லை. குருவின் சொல்லை மாணவன் திருத்துதல் எந்நெறியிற் புகழாகுமோ அந்நெறி விஞ்ஞானம். ஆகலின் இகழ்வார் கூற்றும் பொருந்தாது.

இரண்டாவது, பொருள். மானிடம் என்னும் பேரிருப்பு எத்தகையது? இறந்தார் அதனுள் இருப்பது இருப்பார் நினைவில் மட்டுமே. நினைப்பார் இல்லையேல் அதுவும் இல்லை. வழிபடுவானைக் காக்கும் பொருள் ஒன்று. வழிபடுவானாற் காக்கப்படும் பொருள் மற்றொன்று. பின்னையது அன்பிற்கும் நன்றிக்கும் உரியது. தஞ்சமாதற்கு உரியது அன்று. சித்தாந்த நூல் பதி எனக் கூறுவது தன்வயத்ததாய், பிறிதொன்றால் நிலைபெறாததாய் உள்ள பொருளையே. பசுக்களின் தொகுதி எத்துணைப் பெரிதாயினும் பதி ஆகாது.

மூன்றாவது, சாதனம். கோம்த்தின் சமயத்தில் மிக நிரம்பியிருந்தது இதுவே. வழிபாடும் சடங்கும் திருநாளும் குருமரபும் அதில் உண்டு. ஆயின் அவை விஞ்ஞானத்திலிருந்து பிறந்தன அல்ல. கத்தோலிக்கத்திலிருந்து கொண்டனவும், ஓர் அன்புடையாள் இறந்த துயரத்திலிருந்து எழுந்தனவுமே ஆம். விஞ்ஞானம் தானாக ஒரு சடங்கையும் தோற்றுவிக்கவில்லை என்பதே அது சமயம் அன்று என்பதற்கு வலிய சான்று.

நான்காவது, பயன். நோயைத் தணித்தல், பசியைக் குறைத்தல், தொலைவைச் சுருக்குதல், அறியாமையின் அச்சத்தை நீக்குதல் என்பன விஞ்ஞானத்தின் பயன். அவை சிறியன அல்ல. ஆயினும் இறந்தாரை எண்ணி நாற்காலியின்முன் மண்டியிட்டு நின்ற கோம்த்துக்கு அவை போதியவாகவில்லை. அவர் நாடியது துன்பத்தின் பொருளையும் அன்பின் நிலைபேற்றையும். தம் ஆறு தொகுதி நூலில் விடை காணாமையின் அவர் வேறு நூல் எழுதினார். மாணவர் பலர் அதனை மதியின் தளர்ச்சி என்றனர். உயிர் விஞ்ஞானத்தின் எல்லையில் வந்து நின்று வினாவிய வினா அது என்று கொள்ளுதலே பொருந்தும். விடை குறையுடையதாகலாம், வினா மெய்யானது.

சமயத்தார்க்கும் ஓர் எச்சரிக்கை

இவ்வரலாறு விஞ்ஞானத்தைப் போற்றுவார்க்கு மட்டும் உரிய பாடம் அன்று. சமயத்தைப் போற்றுவார்க்கும் உரியது. விஞ்ஞானத்தைச் சமயமாக்கினார் கோம்த். சமயத்தை விஞ்ஞானமாக்குவார் பலர் இக்காலத்து உளர். அணுவைப் பற்றி விஞ்ஞானம் ஒன்று கூறின், அது நம் சாத்திரத்தில் முன்னரே உள்ளது என்பர். விண்வெளியைப் பற்றி மற்றொன்று கூறின், திருக்கூத்திற்கு அதுவே சான்று என்பர். சாத்திரத்திற்குப் பெருமை சேர்ப்பதாக அவர் கருதுவர். ஆயின் அவர் செய்வது காலைச் சபாநாயகராக்கிய பிழையே. இன்று சான்றாகக் காட்டப்படும் கொள்கையை விஞ்ஞானம் நாளை திருத்துமாயின், அதன்மேற் சாய்த்துவைத்த சாத்திரமும் உடன் சாயும். என்றும் உள்ள பொருளுக்கு, இன்றிருந்து நாளை மாறுதலையே தனக்குப் பெருமையாகக் கொண்ட ஒன்றைச் சான்றாக நிறுத்துதல் அறிவுடைமை ஆகாது.

அளவைகளை அவ்வவற்றின் எல்லையில் நிறுத்தும் முறையைத் தமிழில் நன்கு வகுத்த நூல்களுள் சிவஞான சித்தியார் தலையாயது. அளவைகள் பல எனக் கூறி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கி, நூலின் தொடக்கத்திலேயே அது வைத்தது காரணம் பற்றியே. எப்பொருளை எவ்வளவையால் அறிதல் வேண்டும் என்னும் தெளிவு இல்லாதவழிப் பின்வரும் ஆராய்ச்சி அனைத்தும் தடுமாறும். அத்தெளிவு உடையார்க்கு விஞ்ஞானத்தின்பால் அச்சம் வேண்டுவதில்லை, பொறாமையும் வேண்டுவதில்லை. காட்சிக்கு உரியதைக் காட்சியால் அறிந்து தந்தார் எந்நாட்டினராயினும் அவர்க்கு நன்றி கூறுதல் சைவர் கடன். காட்சிக்கு எட்டாததை அவர் நூலில் தேடாமையும் சைவர் கடனே. விஞ்ஞானம் விஞ்ஞானமாகவும் சமயம் சமயமாகவும் நிற்குமாயின் இரண்டும் உயிர்க்குத் துணையாம் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும் முடிபு.